தாளின் இரண்டு பக்கம்: ஓர் அச்சக இரவுக் காவலாளியின் 1,412 ஓவியங்கள்

நிகழ்வு ஆய்வு

இதில் வருகிறவர்கள் யாருக்கும் பெயர் இல்லை. வரைந்தவரிடமும் அவர் குடும்பத்திடமும் சம்மதம் கேட்டே எழுதுகிறேன். அச்சகம், மருத்துவமனை, படங்களை வாங்க வந்தவர் என எவரையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். நாங்கள் செய்த தவறுகளை மட்டும் விடவில்லை.

பின்னணி

2022 ஜூன் கடைசி வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். நான் விருதுநகர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர். "சார், எங்க மாமா பக்கவாதம் வந்து படுத்துட்டாரு. அவரு இருந்த வாடகை ரூமை வீட்டுக்காரரு பத்து நாளுல காலி பண்ணச் சொல்றாரு. உள்ள பூரா படமா கெடக்கு. பழைய பேப்பர் கடைக்காரரு எடை போட்டுட்டாரு. நீங்க ஒருவாட்டி வந்து பாத்துட்டா மனசுக்கு நிம்மதியா இருக்கும்."

மாமா என்றால் அவள் அம்மாவின் தம்பி. அப்போது வயது 67. கல்யாணம் ஆகவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, சிறுவயதில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். பின்னால் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் இரவு வாட்ச்மேன். இரவு எட்டு முதல் காலை ஆறு வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து அச்சகம் மூடியபோது வேலை நின்றது. மறுபடி கூப்பிடவில்லை.

சிவகாசியில் ஒரு வாட்ச்மேனுக்கு என்ன காகிதம் கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தீப்பெட்டி லேபிள் அச்சிடத் தொடங்கி வளர்ந்தது இந்த ஊரின் அச்சுத் தொழில். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து மார்கழி முடியும்வரை மெஷின் நிற்காது. ஒவ்வொரு வேலை தொடங்கும்போதும் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்கிறதா என்று பார்க்க சில தாள்களை ஓட்டி வீணாக்கியாக வேண்டும். நல்ல தாளை எவரும் வீணாக்க மாட்டார்கள். முந்தைய வேலையில் கழிந்த தாளையே மறுபடி விடுவார்கள், அடுத்த வேலைக்கும் அதையே விடுவார்கள். மேக்ரெடி என்று சொல்லும் அந்தக் கழிவுத் தாளில் முருகன் மேல் டயர் கடை விலாசம் இருக்கும், அதன்மேல் தலைகீழாகச் சரவெடி லேபிள், அதன்மேல் டிசம்பர் மாதக் கட்டங்கள். ஒரு பக்கம் இப்படி நாலைந்து அச்சு ஏறியிருக்க, பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அந்தப் பின்பக்கத்தில்தான் அவர் வரைந்தார்.

முதல் பத்து நாள்

அறை பத்துக்கு எட்டு இருக்கும். கட்டிலுக்கு அடியில் அச்சகத்து மரப் பேலட் ஒன்று, அதன்மேல் நைலான் கயிறு போட்டுக் கட்டிய 14 கட்டுகள். பெரும்பாலும் டபுள் கிரவுன், அதாவது இருபதுக்கு முப்பது அங்குலத் தாள். அதைவிடச் சிறிய டெமி அளவுத் தாளும் கொஞ்சம் உண்டு. பழைய பேப்பர் கடைக்காரர் போட்ட எடை 46 கிலோ. கிலோ 12 ரூபாய் வீதம் 552 ரூபாய் என்று சுவரில் பென்சிலால் எழுதியிருந்தார்.

முதல் கட்டைப் பிரித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எல்லாத் தாளிலும் ஒரு கண்மாய். கரை, மடை, கலுங்கு, கரையோரம் ஒற்றைப் பனை, உள்ளே நிறையத் தண்ணீர். தண்ணீரைச் சுற்றி ஒரு ஊர். ஊர் தாளுக்குத் தாள் மாறுகிறது. தெருக்கள் வளைகின்றன, வீடுகள் மயில்தோகைபோல விரிகின்றன, சில இடத்தில் காரணமே இல்லாமல் ஒரு சுவர் நடுவில் முறிகிறது. மழை குறைவு என்பதாலேயே பட்டாசும் தீப்பெட்டியும் வேரூன்றிய கரிசல் பூமியில் உட்கார்ந்து ஒரு மனிதர் பதினாலு வருஷம் தண்ணீராக வரைந்திருக்கிறார்.

கோடுகள் பால்பாயின்ட் பேனாவில் போட்டவை. நிறத்துக்கு, காலி மைத் தகர டின்களின் அடியில் ஆடை படிந்து கிடக்கும் அச்சு மை. மருந்து தோய்க்காத வெறும் தீக்குச்சியால் அதைத் தொட்டு இழுத்திருக்கிறார். சயான் நீலம் அதிகம், மெஜந்தா குறைவு. மை எண்ணெய் கலந்தது என்பதால் ஒவ்வொரு நீலத்தைச் சுற்றியும் தாளில் மெல்லிய மஞ்சள் வளையம் ஊறியிருந்தது. ஒவ்வொரு தாளின் கீழ் ஓரத்திலும் வரிசையாகச் சிறு கோடுகள்: சிலதில் ஒன்பது, சிலதில் ஏழு. அலங்காரம் என்று நினைத்தோம். அதே அச்சகத்தில் பைண்டிங்கில் இருந்த ஒரு பெரியவர் பிறகு சொன்னார்: வாட்ச்மேன் மணிக்கு ஒருதரம் சுற்றி வந்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு. கோடு குறைந்த தாள் என்றால் அன்று பின்னிரவில் தொடங்கியது.

அன்று எடுத்த முடிவுகள் மூன்று. கடைக்காரர் கொடுத்திருந்த 552 ரூபாய் அட்வான்ஸை நாங்களே திருப்பிக் கொடுத்தோம். கட்டுகளை அவருடைய அக்கா மகள், அதாவது என் மாணவி, வீட்டு மாடி அறைக்கு மாற்றினோம். எத்தனை என்று எண்ணத் தொடங்கினோம். 1,412 வந்தது.

எண்ணும்போதே முதல் தவறு நடந்தது. உதவிக்கு வந்த என் மாணவர்கள் கட்டுகளைப் பிரித்து "கண்மாய் பெரிசு", "தெரு", "கோயில்" என்று ரகம் பிரித்து அடுக்கிவிட்டார்கள். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். ஓவிய ஆசிரியன் புத்தி, பொருள்வாரியாகத்தான் ஓடியது. மூன்று கட்டு போனபிறகு ஓய்வுபெற்ற நூலகர் நண்பர் ஒருவர் வந்து நிறுத்தினார். "எந்தக் கட்டில் எந்தத் தாளுக்கு அடியில் எது இருந்தது என்பதும் அவர் வைத்ததுதானே. அதை ஏன் கலைக்கிறீர்கள்?" மீதி 11 கட்டுகளையும் வந்த வரிசையிலேயே மென்பென்சிலால் ஓரத்தில் எண் இட்டோம். இடையிடையே பழைய செய்தித்தாள் வைக்க இருந்தோம். அதன் அமிலம் நல்ல தாளையும் பழுப்பாக்கும் என்று அவர் தடுத்தார். கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியில் கட்டுக்கட்டாகச் சுற்றினோம். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும்.

அவர் நிலை

இடப்பக்க மூளையில் அடைப்பு. வலக்கையும் வலக்காலும் தளர்ந்துவிட்டன. பேச்சு "ஆமா", "சரி", அக்காள் பெயர் என்று மூன்று சொற்களாகச் சுருங்கிப் போயிற்று. மருத்துவர் தெளிவாகவே சொன்னார்: "புரியுது. சொல்லத்தான் வரலை. புரியாதவர்னு நினைச்சு அவர் முன்னாடி பேசாதீங்க."

இதைக் கேட்டும் நாங்கள் ஏறத்தாழ ஏழு மாதம் அவரிடம் படங்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வராவிட்டால் அவருக்குக் கஷ்டம் என்று எங்களுக்குள் ஒரு நியாயம் வைத்துக்கொண்டோம். உண்மையில் எங்களுக்குப் பதில் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் இருந்தோம்.

பன்னிரண்டு தாள்கள்

2022 அக்டோபரில் ஊரில் ஒரு அரங்கில் சிறு கண்காட்சி வைத்தோம். மருத்துவச் செலவுக்குக் கொஞ்சம் பணம் திரட்டுவது நோக்கம். 12 தாள்களைத் தேர்ந்தெடுத்தோம். ஏழு தாளைச் சன்போர்டு என்னும் நுரைப் பலகையில் வெள்ளைப் பசையால் ஒட்டினோம். பலகை தீர்ந்துபோகவே ஐந்தை அட்டையில் மைதாப் பசையால் ஒட்டினோம். தாள் அலை அலையாக நிற்காமல் தட்டையாக நிற்க வேண்டும் என்பது மட்டுமே யோசனை. எல்லாத் தாளையும் ஒட்டுவதற்கு முன் போட்டோ எடுத்தோம், வரைந்த பக்கத்தை மட்டும். மறுபக்கம் எங்கள் கண்ணுக்கு அச்சகக் குப்பை.

கண்காட்சிக் குறிப்பில் "எழுத்தறிவற்ற காவலாளியின் அதிசயக் கலை" என்று அச்சிட்டோம். அக்கா மகள் அதைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "மாமா அஞ்சாங்கிளாஸ் சார். தினம் மூணு பேப்பர் படிப்பாரு. எதுக்கு இப்படிப் போட்டீங்க?" அந்தச் சொல்லை அன்றே கறுப்பு மையால் அடித்தோம். ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

ஓவியப் பயிற்சி பெறாமல், கலை உலகத்தின் கண்ணில் படாமல் வரைகிறவர்களுக்கு மேற்கில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1945-இல் பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே அதை "ஆர் புரூத்" என்றார், பட்டை தீட்டாத கலை என்ற பொருளில். 1972-இல் ரோஜர் கார்டினல் ஆங்கிலத்தில் "அவுட்சைடர் ஆர்ட்" என்று ஆக்கினார். வெளியாள் கலை. நம் நாட்டில் உடனே சொல்லும் பெயர் நேக் சந்த்: சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்து, உடைந்த வளையலும் ஓடும் பொறுக்கி, அரசுக்குத் தெரியாமல் காட்டு நிலத்தில் சிலை வைத்தவர். அவர் தோட்டம் 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்தது.

இந்த அண்ணாச்சி எதற்கு வெளியே இருந்தார்? சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று கோவில்பட்டியில் வந்து தங்கிய கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் போட்ட சாமிப் படங்கள் சிவகாசி மெஷின்களில்தான் லட்சக்கணக்கில் ஓடின. அந்த வழியில் வந்த படங்களை நான்கு நிறமாகப் பிரிந்தும், சேர்ந்தும், பிசகியும் ஒவ்வொரு இரவும் பார்த்தவர் இவர். எந்த ஓவியக் கல்லூரி மாணவனும் இத்தனை படத்தைக் கையால் தொட்டிருக்க மாட்டான். வெளியாள் என்ற சொல்லை நாங்கள் அதன்பின் பயன்படுத்தவில்லை. "தானே வரைந்து கற்றவர்" என்று மட்டும் எழுதுகிறோம்.

கண்காட்சிக்குக் கூட்டம் வந்தது. 38,000 ரூபாய் சேர்ந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. நல்லபடியாக நடந்துவிட்டது என்றே நினைத்தோம்.

தொடாத பெட்டி

சேர்ந்த பணத்தில் ஒரு பகுதிக்கு நல்ல கார்ட்ரிட்ஜ் தாளும், அக்ரிலிக் வண்ணமும், இடக்கைக்குத் தோதான தடித்த தூரிகையும் வாங்கிக் கொடுத்தேன். இடக்கையால் வரையப் பழகினால் மனதுக்கு நல்லது என்று உடற்பயிற்சி சொல்லித் தருபவரும் சொன்னார். வெள்ளைத் தாளை அவர் முன் மணைப்பலகையில் விரித்து வைத்தோம். பார்த்தார், தொடவில்லை. அடுத்த வாரமும் தொடவில்லை. மூன்று மாதம் ஆயிற்று. பெட்டியின் மேல் மாத்திரை டப்பா வைத்திருந்தார்கள்.

"நோயில் ஆசை போய்விட்டது" என்று என் நோட்டில் 2022 டிசம்பரில் எழுதியிருக்கிறேன். இன்று அந்த வரியைப் படிக்க வெட்கமாக இருக்கிறது.

ஜன்னலோரம்

2023 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். கண்காட்சியில் வைத்த பலகைகளில் ஒன்றை அவரிடம் காட்டலாம் என்று எடுத்துப் போனேன். மடியில் வைத்தேன். "அண்ணாச்சி, இதைத்தான் எல்லாரும் ரொம்ப நேரம் நின்னு பாத்தாங்க."

வரைந்த பக்கத்தை ஒருமுறை பார்த்தார். இடக்கையால் பலகையைத் திருப்பினார். பின்னால் வெள்ளைச் சன்போர்டு. அதை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். மறுபடி திருப்பிப் பார்த்தார். பிறகு பலகையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

என்ன என்று எனக்கு விளங்கவில்லை. அக்கா மகள்தான் மாடிக்கு ஓடிப்போய் ஒட்டாத தாள் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் அதன் மேல் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கையை முடிந்தமட்டும் உயர்த்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கை நடுங்கியது. மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.

வெளிச்சம் ஊடுருவியதும் முன்பக்கத்து அச்சு பின்பக்கத்தில் தெரிந்தது. முருகனின் மயில்தோகை விரிந்த இடம் அப்படியே கண்மாய்க்கரையின் வளைவாக இருந்தது. தலைகீழாக விழுந்திருந்த டயர்ப் படத்தின் வட்டத்துக்குள் ஊர்க்கிணறு. நாட்காட்டிக் கட்டங்களின் வரிசை தெருவீடுகளின் வரிசை. காரணமில்லாமல் நடுவில் முறிகிறது என்று நான் நினைத்த சுவர், சரவெடி லேபிள் முடிகிற விளிம்பு. அச்சு பிசகிய இடத்தில் எல்லாம் அவர் ஊர் வளைந்திருந்தது. ட்யூப்லைட்டுக்கு நேரே தாளைப் பிடித்துப் பார்த்து, முன்பக்கத்தில் குவிந்து கிடந்ததிலிருந்து ஒரு ஊரை எடுத்து, பின்பக்கத்தில் வைத்திருக்கிறார்.

"அண்ணாச்சி, இப்படித் தூக்கித்தான் பாக்கணுமா?"

"ஆமா."

ஜூன் மாதத்திலிருந்து அவரிடம் படத்தைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது.

ஆக, 12 தாள்களிலும் ஒவ்வொன்றின் பாதியை நாங்கள் பலகைக்குள் புதைத்திருக்கிறோம். அந்த 12-க்கும் முன்பக்கப் போட்டோகூட இல்லை.

அதன்பின் எடுத்த முடிவுகள்

அன்றிலிருந்து ஒவ்வொரு தாளுக்கும் மூன்று போட்டோ என்று முடிவானது: வரைந்த பக்கம், அச்சுப் பக்கம், பின்னால் எல்இடி பேனல் வைத்து ஒளி ஊடுருவ ஒன்று. 1,400 தாளுக்கு 4,200 படங்கள். ஞாயிறு தோறும் உட்கார்ந்து எட்டு மாதம் ஆயிற்று. ஒளியில் காட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. அச்சு மைகளில் மஞ்சளும் மெஜந்தாவும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். ஆகவே மூலத்தாளை வெயில் விழும் ஜன்னலில் தொங்கவிடக் கூடாது. பேனல் வெளிச்சத்தில் சில நொடிகள் மட்டும், அதுவும் போட்டோவுக்காக. அவர் பார்க்க விரும்பும்போது இந்த விதி இல்லை.

அச்சுப் பக்கத்தைப் பார்க்கத் தொடங்கியதும் எதிர்பாராத உதவி ஒன்று கிடைத்தது. நாட்காட்டித் தாள்களில் ஆண்டு அச்சாகியிருக்கிறது. 2011 என்று இருந்தால் அது 2010 ஆடிக்கும் மார்கழிக்கும் நடுவே ஓடியது. அப்படிப் பார்த்ததில் 14 கட்டும் 2006 முதல் 2019 வரை 14 சீசன் என்று தெரிந்தது. நாங்கள் கலைத்த முதல் மூன்று கட்டின் தாள்களில் முக்கால்வாசியை அந்தந்த ஆண்டுக்குத் திருப்ப முடிந்தது. ஆனால் ஆண்டுக்குள் எது முந்தி எது பிந்தி என்பது போனது போனதுதான். 2006-க்கு முந்தியவை எங்கே என்று பைண்டிங் பெரியவரிடம் கேட்டோம். அதற்கு முன் கேட்டருகே காவல் அறை கிடையாதாம். வரைந்ததைக் கழிவு அடுக்கிலேயே விட்டுவிடுவாராம், லாரியில் போய்விடுமாம்.

ஒட்டிய 12-ஐ மீட்க, காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரைச் சென்னையில் தேடிப் பிடித்தோம். வெள்ளைப் பசையில் ஒட்டிய ஏழு தாளையும் கையில் எடுத்ததுமே வேண்டாம் என்றார். காய்ந்தபின் அது பிளாஸ்டிக், பிரித்தால் அச்சுப் பக்கம் பலகையோடு போகும். மைதாவில் ஒட்டிய ஐந்தில் மூன்று மேப்லித்தோ, பூச்சில்லாத அச்சுத்தாள். ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அட்டையை அடுக்கடுக்காக உரித்து மீட்டார். மற்ற இரண்டும் ஆர்ட் பேப்பர். அதன் பூச்சு ஈரம் பட்டதும் பசையாகவே மாறிவிடும். ஒன்றை முயன்றபோது மூலையில் கிழிந்தது, நிறுத்திவிட்டார். மீண்டது மூன்று, போனது ஒன்பது.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் சிகாகோவின் ஹென்றி டார்கர் பற்றி நூலக நண்பர் சொன்னார். மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்து, வாடகை அறையில் தனியே இருந்து, 15,000 பக்கத்துக்கு மேல் கதை எழுதி, அதற்கு நீளநீளமான படங்களும் வரைந்தவர். 1973-இல் இறந்தார். பல படங்கள் தாளின் இரு பக்கமும் வரைந்தவை, பெரிய தொகுதிகளாகச் சேர்த்துக் கட்டியவை. பிறகு அந்தத் தொகுதிகளைப் பிரித்துத் தனித்தனிப் படமாக்கி விற்றார்கள், வரிசை குலைந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் வேறொரு நாட்டில் நடந்த தவறையே நாங்கள் செய்திருக்கிறோம். முன்பே படித்திருந்தால் தப்பித்திருப்போமா தெரியாது. கண்ணெதிரே மறுபக்கம் இருந்தும் பார்க்காதவர்கள் நாங்கள்.

தொடாத பெட்டிக்கும் விடை கிடைத்தது. வெள்ளைத் தாளில் அவருக்கு எடுக்க ஒன்றுமில்லை. பழைய அச்சகத்தில் பேசி ஒரு கட்டு மேக்ரெடித் தாள் வாங்கி வந்தோம். ஜன்னல் கம்பியில் இரண்டு கிளிப் மாட்டி, தாளைத் தொங்கவிட்டோம். பிப்ரவரி 9-ஆம் தேதி இடக்கையால் முதல் கோடு போட்டார். கோடு இழுபட்டது, ஆனால் போன இடம் சரியாக ஒரு லேபிளின் விளிம்பு.

ஒரு ஒப்பந்தத் தாள்

மார்ச் மாதம் வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். பத்திரிகையில் பார்த்ததாகச் சொன்னார். மொத்தத்தையும் நான்கு லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாக முத்திரைத்தாளில் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். கையெழுத்து இடத்தில் அக்கா மகளின் பெயர். குடும்பத்துக்கு அப்போது ஒரு லட்சத்துக்கு மேல் கடன். அவள் கணவர், "மாமாவுக்கு இனிமே இதெல்லாம் எதுக்குத் தேவை?" என்றார். அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது மாதமாக அந்த வீடுதான் அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறது.

வழக்கறிஞர் ஒருவரிடம் தாளைக் காட்டினோம். அவர் சொன்னது இது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்தவரே முதல் உரிமையாளர். அவர் உயிரோடு, நினைவோடு இருக்கும்போது உறவினர் கையெழுத்துச் செல்லாது. தாளை விற்பது வேறு, பதிப்புரிமையைக் கொடுப்பது வேறு. தாளை வாங்கியவருக்கு அதைப் புத்தகமாகவோ நாட்காட்டியாகவோ அச்சிடும் உரிமை தானாக வராது. உரிமையைக் கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடு, எந்தப் படம், எந்த உரிமை, எத்தனை காலம், எந்தெந்த இடம் என்று இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். வந்த தாளில் "எக்காலத்துக்கும், உலகம் முழுவதும்" என்று தெளிவாகவே எழுதியிருந்தது. மூலப்படம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் வரைந்தவர் ஒரு பங்கு கேட்கலாம் என்ற பிரிவும் உண்டு, உச்சவரம்பு பத்து சதவீதம்.

அச்சகம் உரிமை கோர முடியுமா என்றும் கேட்டோம். வேலையின் பகுதியாகச் செய்த படைப்பானால் முதலாளிக்குப் போகும். இவர் வேலை காவல், வரைவது இல்லை. ஆனாலும் தாள் அச்சகத்தினுடையது, முன்பக்கப் படங்கள் பலருடையவை. அச்சக உரிமையாளரிடம் கழிவுத்தாள் மேல் தங்களுக்குப் பாத்தியதை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கினோம், ஒரே நாளில் கொடுத்தார். முன்பக்க அச்சை நாங்கள் பெரிதாக்கி வெளியிடுவதில்லை என்று இன்றுவரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

அவரிடம் எப்படிக் கேட்பது

"ஆமா", "சரி" என்று மட்டும் சொல்லக் கூடியவரிடம் எதைக் கேட்டாலும் "ஆமா" வரும். மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். பச்சை அட்டை ஆமா, சிவப்பு அட்டை இல்லை, மஞ்சள் அட்டை தெரியவில்லை. முதலில் விடை எங்களுக்குத் தெரிந்த கேள்விகள் பத்து: "உங்க ஊரு சாத்தூருக்குக் கிழக்கயா?", "உங்களுக்கு ரெண்டு பிள்ளையா?" பத்தும் சரி. பிறகுதான் படங்கள். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு நாள் கழித்து மாற்றிக் கேட்க வேண்டும். முதல் நாள் "வித்திரலாமா?" என்றால் மூன்றாம் நாள் "விக்காம வச்சுக்கிடலாமா?" இரண்டு பதிலும் பொருந்தினால் மட்டும் எழுதிக்கொள்வது. இந்த அமர்வுகளில் குடும்பத்தார் யாரும் உடன் இருக்கவில்லை. நானும் பலகை ஒட்டியவன் என்பதால் விலகி இருந்தேன். பயிற்சியாளரும் நூலகரும் மட்டும்.

மொத்தமாக விற்க: இல்லை, இருமுறையும். சிலவற்றை விற்க: ஆமா, இருமுறையும். எவை என்று அவரே காட்டினார். ஒரு கட்டை வரவழைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லி, 40 தாளைத் தனியே வைத்தார். கண்காட்சிக்கு நான் தேர்ந்தெடுத்த மாதிரிப் படம் அதில் ஒன்றுகூட இல்லை. ஒளியில் பிடித்தால் அச்சும் கோடும் ஒட்டாமல் தனித்தனியே நின்ற தாள்களாகவே பொறுக்கியிருந்தார். அவர் கணக்கில் தேறாதவை அவைதான் போலிருக்கிறது.

வெளியூர்க்காரர் அந்த 40-ஐ வாங்க விரும்பவில்லை. மொத்தமாக அல்லது ஒன்றுமில்லை என்று போய்விட்டார். ஆறு மாதத்தில் வேறு மூன்று பேர் 22 தாள்களை வாங்கினார்கள். கையெழுத்தை இடக்கையால் அவரே போட்டார். தாள் மட்டுமே விற்பனை, பதிப்புரிமை இல்லை, அச்சுப் பக்கத்தை மறைக்கும்படி ஒட்டக்கூடாது என்று ஒரு பக்க ஒப்பந்தம். வந்தது 1,76,000 ரூபாய். கடன் அடைந்தது. நான்கு லட்சம் வந்திருந்தால் மாடியில் ஒரு குளியலறை கட்டியிருப்பார்கள். அவரைப் படியில் தூக்கி இறக்கும் வேலை மிச்சமாகியிருக்கும். அந்த இழப்பு அந்தக் குடும்பத்தின் தோளில்தான் இருக்கிறது, என் தோளில் இல்லை என்பதை மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்டில் உயில் எழுதினார். சாட்சி இருவர், அதில் ஒருவர் மருத்துவர். தாள்களும் உரிமையும் அக்கா மகளுக்கு. இந்த அவசரத்துக்கும் டார்கர் கதைதான் காரணம். டார்கர் இறந்து ஐம்பது ஆண்டு நெருங்கும்போது, 2022-இல், தூரத்து உறவினர்கள் உரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள்.

மறுபடி செய்ய நேர்ந்தால்

முதல் நாளே கட்டைப் பிரிக்க மாட்டேன். கட்டிலுக்கு அடியில் இருந்தபடியே, கயிற்று முடிச்சோடு போட்டோ எடுப்பேன். தாளின் இரு பக்கத்தையும், டின்னையும், தீக்குச்சிக் கட்டையும், அறையில் விளக்கு எங்கே இருந்தது என்பதையும் எடுப்பேன். அந்தக் காவல் அறையை நாங்கள் போய்ப் பார்த்தது 2023 பிப்ரவரியில்தான். மேஜைக்கு நேர் மேலே, கை எட்டும் உயரத்தில் ட்யூப்லைட். ஆறு மாதம் முன்பே போயிருந்தால் எல்லாம் புரிந்திருக்கும்.

எதையும் எதன்மேலும் ஒட்ட மாட்டேன். நான்கு மூலைக்கும் தாள் பைகள் செய்து செருகினாலே நிற்கும்.

பேச முடியாதவர் என்று தெரிந்த அன்றே பேச்சுப் பயிற்சியாளரைக் கூப்பிடுவேன். அட்டைகள் எங்களிடம் வர ஒன்பது மாதம் ஆயிற்று. செலவு இருபது ரூபாய்.

கண்காட்சி வைப்பேனா? வைப்பேன், அந்த 38,000 ரூபாய்தான் அப்போது மருந்தானது. ஆனால் எவற்றை வைப்பது என்பதை அவரே சொல்லட்டும் என்று காத்திருப்பேன்.

இன்றைய நிலை

மாடி அறையில் 1,381 தாள்கள் துணிக்கட்டில் இருக்கின்றன. ஒன்பது பலகைகளும் என் பள்ளி அறையில் இருக்கின்றன. அவர் வீட்டில் வைக்க வேண்டாம் என்று சிவப்பு அட்டை காட்டினார். அந்த 1,381-இல் 18 விற்பனைக்கு ஒதுக்கியதில் மீதி, அவை தனியே இருக்கின்றன.

இடக்கையால் இதுவரை 26 தாள்கள் வரைந்திருக்கிறார். கண்மாய் இருக்கிறது, கரை இருக்கிறது. பனை மட்டும் இப்போது தாளின் இடப்பக்கம் வந்துவிட்டது. கீழ் ஓரத்தில் சுற்றுக் கோடுகள் இல்லை. அதற்குப் பதில் மருந்து வேளைக்கு ஒரு கோடு போடுகிறார், நாளுக்கு மூன்று. தாள் தொங்கும்போது படபடக்கிறது என்று அக்கா மகள் அந்த நேரம் மின்விசிறியை நிறுத்திவிடுகிறாள்.

கொடுத்த கட்டு தீரப்போகிறது. ஆடிப் பதினெட்டு கழிந்து மெஷின் ஓடத் தொடங்கியதும் அச்சு அதிகம் ஏறிய தாளாகப் பார்த்து ஒதுக்கி வைப்பதாக அச்சகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.